ஒரே வரியில் இரண்டு பெயர்

"இந்த ரெண்டு பேரையும் ஒரே வரியில போடுங்ணா."

காவேரி என்கிற அந்தப் பெண் என் மேசைமேல் இருந்த புரூஃப் தாளை இழுத்து, ஓரத்தில் தன் பேனாவால் எழுதிக் காட்டினாள். மாதப்பன், நடுவில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் கோவிந்தன்.

அவளுக்கு இருபது வயசு இருக்கும். பாப்பாரப்பட்டிப் பெண். தர்மபுரியில் தங்கி ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாள், முடித்த கையோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பக்கத்தில் மாப்பிள்ளை செல்வராஜ் நின்றிருந்தான். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து அச்சகத்துப் படியேறி வருவதே அந்த நாளில் அதிசயம். இவன் அவளுடைய குடையை வேறு கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பறம் பார்டரு. உங்க சாம்பிள் ஆல்பத்துல கடைசிப் பக்கத்துல மாங்கா பார்டரு ஒன்னு ஒட்டியிருக்கீங்களே, அது போடுங்க."

"அது பழசும்மா. முனையெல்லாம் தேஞ்சு போச்சு. புதுசா நாலு வந்திருக்குது, பாரு."

"அதேதான் வேணும்ங்ணா."

வெயில் காலம். கூரையிலிருந்து தகரத்தின் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய் வாசம் கூடம் முழுக்க இருந்தது. அந்த மாங்காய் பார்டரை நான் கடைசியாக எதற்கு எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். அதே இரண்டு பெயர்களுக்காகத்தான் எடுத்தேன்.

வரிக்கு ஒரு குடும்பம்

போன வாரம் இந்தத் தொடரில், டிரெடில் அச்சு மெஷினில் என் விரல் நகம் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் அப்படி என்ன பெரிய வேலை இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அய்யா, நீங்கள் ஒரு பத்திரிகையில் பெரிய மாமன் பெயரைச் சின்ன மாமனுக்குக் கீழே போட்டுப் பாருங்கள். அப்புறம் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் கடைசியில் ஒரு பட்டியல் வரும். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, பெரியப்பா பெரியம்மா, மாமா அத்தை, அக்கா மாமா என்று வரிசையாகப் பெயர்கள். ஒரு வரியில் புருசன் பெயர், நடுவில் கோடு, அப்புறம் பெண்டாட்டி பெயர். வரிக்கு ஒரு குடும்பம். கல்யாணம் ஆகாதவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லாம் தனி வரி. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் பத்திரிகை கையில் வந்ததும் எல்லோரும் முதலில் படிப்பது அந்தப் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியலில்தான் இரண்டு ஆண்களின் பெயரை ஒரே வரியில் போடச் சொன்னாள் காவேரி. மாதப்பன் அவளுடைய அப்பாவின் தம்பி. கோவிந்தன் உறவுக்காரர் இல்லை, தையல்காரர். இருவரும் ஒகேனக்கல்லில் ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் அப்பா முனுசாமி எழுதிக் கொடுத்த பட்டியலில் இரண்டு பேருமே இல்லை.

நான் குரலைத் தாழ்த்தினேன். "வேணும்னா தனித்தனி வரியாப் போட்டுக்கலாம்மா. பேரும் வந்த மாதிரி இருக்கும். யாருக்கும் ஒன்னும் தெரியாது."

"தெரியணும்னுதானே போடறது" என்றாள்.

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதியதைத் திருப்பிப் படிப்பது போலச் சொன்னாள்.

"உங்கப்பா கையெழுத்துப் போட்டாத்தான் அடிப்போம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆர்டர் கொடுத்தவர் புரூஃபில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அச்சக வழக்கம். "நாளைக்கு அப்பாவையே கூட்டியாறேன்" என்று இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம்

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை. நாற்பது வருசத்துக்கும் மேலாக என் வீட்டிலேயே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இன்னும் சேலம் ஜில்லாவாக இருந்த காலம். எனக்கு இருபது வயசுக்குள்தான். தர்மபுரியில் கரீம் பாயின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. சொந்த ஊர் பாப்பாரப்பட்டி.

பாப்பாரப்பட்டி சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் கோவிந்தனின் தையல் கடை. ஒல்லியான மனுசன், காதில் எப்போதும் துணியில் கோடு போடும் ஒரு சாக்கட்டி செருகியிருக்கும். மாதப்பன் விவசாயி, நல்ல கட்டுமஸ்தான ஆள். பொழுது சாய்ந்தால் காட்டிலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் வருவார். கோவிந்தன் தைப்பார், இவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் மகளை மடியில் வைத்துக்கொண்டு பித்தான் தைத்துக் கொடுப்பார். அந்த அண்ணன் மகள்தான் காவேரி. வருசக்கணக்கில் இப்படி. இருவருக்கும் முப்பது தாண்டியும் கல்யாணம் இல்லை. போகப்போக மாதப்பன் ராத்திரியும் அங்கேயே தங்கத் தொடங்கினார்.

இப்போது இதற்கு மரியாதையான சொற்கள் தமிழில் வந்துவிட்டன. தன்பாலின ஈர்ப்பு என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள். அப்போது எங்களிடம் இருந்தவை எல்லாம் வசவுகள்தான். பெரியவர்கள் கண்ணில் படாதது போல இருந்துவிட்டார்கள். எங்கள் வயசுப் பயல்களுக்கு அது ஒரு வேடிக்கை. கடையைத் தாண்டும்போதெல்லாம் விசிலடிப்போம். வாய்க்கு வந்ததைப் பாடுவோம்.

ஒரு நாள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தன், "இவனுங்களுக்கு ஒரு பத்திரிகை அடிச்சுக் குடுத்தா என்னா?" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அச்சகத்துக்காரன் நான் ஒருத்தன்தானே.

வெள்ளிக்கிழமை மதியம் கரீம் பாய் தொழுகைக்குப் போவார். முக்கால் மணி நேரம் அச்சகம் என் பொறுப்பு. முக்கால் மணியில் ஒரு பத்திரிகை முழுக்கக் கோக்க முடியாது. ஆனால் பாப்பாரப்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு அடித்து முடித்த பத்திரிகையின் ஈய எழுத்துக் கோப்பு பிரிக்காமல் அப்படியே நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது. அதை எடுத்தேன். மணமகன் இருந்த இடத்தில் கோவிந்தன், மணமகள் இருந்த இடத்தில் மாதப்பன். இடம், சந்தைத் திடல் புளியமரத்தடி. அச்சகத்தின் பெயரை மட்டும் பயந்துகொண்டு உருவிவிட்டு, இருந்ததிலேயே அழகான மாங்காய் பார்டரைச் சுற்றிலும் கட்டினேன்.

அமாவாசை என்று போடு, ராகு காலம் என்று போடு என்று கூட்டாளிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். பெரிய வீட்டுக் கல்யாணத்தின் முகூர்த்த வரி மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. ஐம்பது தாள் ஓட்டி முடித்தபோது பாயின் செருப்புச் சத்தம் கேட்டது.

எதற்காகச் செய்தோம் என்றால் காரணமே இல்லை. அவர்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் முதல் முழுக்கால் சட்டையைத் தைத்துக் கொடுத்தவரே கோவிந்தன்தான்.

சந்தையில்

அடுத்த சந்தை நாளில் பத்திரிகையை விநியோகித்தோம். தக்காளிக் கூடைக்காரர், மாடு வாங்க வந்தவர், டீக்கடை என்று ஒருவர் விடாமல் கொடுத்தோம். சிரிப்பு இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போனது. கோவிந்தன் கையில் யாரோ ஒரு தாளைத் திணித்தார்கள். அவர் மெஷினை நிறுத்தினார். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் தைக்கத் தொடங்கினார். எட்டு வயசுக் காவேரிக்கான பாவாடை அது, மஞ்சள் பூப்போட்டது.

சிறிது நேரத்தில் முனுசாமி வந்தார். கையில் பத்திரிகை. தையல் மெஷினை எட்டி உதைத்தார். மெஷின் புழுதியில் விழுந்தது, பாவாடை அதற்கடியில் மாட்டிக்கொண்டது. எதிரில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சந்தை நடுவில் வைத்து அடித்தார். மாதப்பன் நினைத்திருந்தால் அண்ணனை ஒரு கையால் தூக்கி எறிந்திருக்கலாம். அவர் கையையே தூக்கவில்லை.

எங்கள் கூட்டம் கைதட்டியது. எனக்குக் கைதட்ட வரவில்லை என்று எழுத ஆசைதான். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் மெஷினை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு கோவிந்தன் ஊரைவிட்டுப் போனார். மாதப்பனை வீட்டில் வைத்துப் பூட்டி, பெண் பார்க்கிறார்கள் என்றார்கள். தை மாதத்தில் ஒரு நாள் அவரும் காணாமல் போனார். தனக்கு வரவேண்டிய நிலம் எதையும் கேட்டு அவர் திரும்பி வரவே இல்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார், கோவிந்தன் மீன் வறுத்து விற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் பன்னிரண்டு வருசம் நான் ஒகேனக்கல் பக்கம் போகவில்லை. ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், அருவி பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து போகிறார்கள். எனக்குத் தைரியம் இல்லை.

"ஊரு ஒருக்கா சிரிச்சாச்சு"

புரூஃபில் அந்த வரியை எழுதிவிட்டுப் போனதற்கு மறுநாள், சொன்னபடியே அப்பாவோடு அச்சகத்துக்கு வந்தாள் காவேரி. செல்வராஜும் வந்தான். கரீம் பாய் தன் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் எண்ணிக்கொண்டிருந்தார்.

முனுசாமி தலை நரைத்து, உடம்பு தளர்ந்து போயிருந்தார். மகள் பட்டியலைப் படித்துக் காட்டினாள். அந்த வரி வந்ததும் அவர் முகம் மாறியது.

"ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மாப்பிள்ளை வூட்ல இதப் பாத்தா கண்ணாலத்தையே நிறுத்திப்புடுவாங்க."

"மாப்பிள்ளை நான்தானுங்க மாமா" என்றான் செல்வராஜ். "நான் நிறுத்தலயே."

"உங்க பெரியப்பா சும்மா இருப்பாரா?"

"கோச்சுக்குவாரு. நாலு நாளு கோச்சுக்கிட்டு அஞ்சாம் நாளு விருந்துக்கு வந்துருவாரு. அவர எனக்குத் தெரியாதுங்களா?"

"வெளையாட்டு இல்ல தம்பி. ஊரே சிரிக்கும்."

"ஊரு ஒருக்கா சிரிச்சாச்சுப்பா" என்றாள் காவேரி. "அந்தப் பத்திரிகையும் இந்தப் பிரஸ்லதான் அடிச்சாங்க. இல்லீங்களாண்ணா?"

என் கையிலிருந்த, எழுத்துக் கோக்கும் ஸ்டிக் நழுவி விழுந்தது. கோத்து வைத்த எழுத்தெல்லாம் தரையில் சிதறியது.

அவள் கண்டுபிடித்தது பார்டரை வைத்து. ஒகேனக்கல் வீட்டில் அந்தப் பழைய பத்திரிகையைப் பார்த்திருக்கிறாள். முதல் தடவை அப்பாவோடு ஆர்டர் கொடுக்க வந்தபோது எங்கள் ஆல்பத்தைப் புரட்டியவள், கடைசிப் பக்கத்தில் அதே மாங்காயைப் பார்த்திருக்கிறாள். மூக்கு உடைந்த மூன்றாவது மாங்காய் உட்பட எல்லாம் அப்படியே இருந்ததாம்.

"என்ன தங்கவேலு, பாப்பா என்ன சொல்லுது?" என்றார் கரீம் பாய்.

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, முக்கால் மணி நேரம், ஐம்பது தாள். எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். முனுசாமி என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ அடிச்ச காயிதத்த வெச்சுத்தான்டா நான் எந் தம்பிய அடிச்சேன்."

கரீம் பாய் எழுந்து உள்ளே போய், தூசி படிந்த மாங்காய் பார்டர் இருந்த தட்டைத் தன் கையாலேயே தூக்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முனுசாமி மகள் பக்கம் திரும்பினார். "நான் கையெழுத்துப் போட்டா மட்டும் அவன் வந்துருவானா? பன்னண்டு வருசமா நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. எந்த மூஞ்சிய வெச்சுக் கூப்பிடுவேன்? அவன் வரேன்னு சொல்லட்டும். போடறேன்."

"அவங்க ரெண்டு பேரும் நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன்பா. போய்க் கேட்டுட்டு வரோம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்ணா. உங்களுக்கும் அங்க வேலை இருக்குது."

ரெண்டு சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை காவேரி, செல்வராஜ், நான் மூன்று பேரும் ஒகேனக்கல்லுக்குப் பஸ்ஸில் போனோம். பென்னாகரம் தாண்டி வளைந்து வளைந்து இறங்கும்போது காவேரி தன் கதையைச் சொன்னாள்.

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போயிருக்கிறார்கள். மீன் கடையில் ஒரு தோழியின் பாவாடை நாடா அறுந்துவிட, வறுத்துக்கொண்டிருந்தவர் கை கழுவி, உள்ளே போய் ஊசி நூல் எடுத்து வந்திருக்கிறார். காதில் சாக்கட்டி. காவேரி அடையாளம் கண்டு கத்திவிட்டாளாம். அப்புறம் பரிசலும் வந்தது, சித்தப்பாவும் வந்தார், ஒரே அழுகை.

"திரும்பி வரப்ப பஸ்ஸுல எல்லாரும் யாரு யாருன்னு கேட்டாங்க. பயந்துக்கிட்டேதான்ணா சொன்னேன். எங்க சித்தப்பா, அவரு கூட வாழறவரு இவருன்னு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பறம் ஒருத்தி சொன்னா, 'அப்ப உனக்கு ரெண்டு சித்தப்பாவாடி? குடுத்து வெச்சவ'ன்னு. அவ்வளவுதான். எல்லாரும் மீனப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க."

எங்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் பன்னிரண்டு வருசம்தான். அதே தண்ணீரைக் குடித்தவர்கள், அதே களியைத் தின்றவர்கள். நாங்கள் ஐம்பது தாள் அடித்துச் சிரித்த விஷயத்தை இந்தப் பெண்கள் ஒரு பஸ் பயணத்தில் தாண்டிப் போய்விட்டார்கள். இவர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எல்லா இளசுகளும் இப்படி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அதே பயிற்சிப் பள்ளியில் சில பெண்கள் அதற்கப்புறம் காவேரியோடு சாப்பிட உட்காரவில்லையாம். ஆனால் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் காலத்தில் ஒருத்தர்கூட இல்லை.

மீன் கடையில்

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அருவிச் சத்தம் வயிற்றுக்குள் வந்தது. ஓலைக் கொட்டகை, பெரிய தோசைக்கல், மிளகாய் மசாலா காந்தும் நெடி. பின்னால் ஒற்றை அறை வீடு. கோவிந்தனுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. கதவு வழியாகத் தையல் மெஷின் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் அந்த ஒடுக்கு அப்படியே இருந்தது.

"அவரு இப்ப வந்துருவாரு" என்றார் கோவிந்தன்.

ஆற்றுப் பக்கமிருந்து பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். முகமே தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. "அதோ வராருல்ல, மூணாவது" என்றார் கோவிந்தன். மூன்றாவது ஆள் பரிசலை இறக்கினார். மாதப்பன்தான்.

ஒன்றைக் கவனித்தேன். இருந்த நேரம் முழுக்க இருவரும் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லவே இல்லை. அவரு, இவரு என்றுதான் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீடுகளில் பெண்டாட்டி மட்டும்தான் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். இங்கே இரண்டு பேருமே சொல்லவில்லை.

காவேரி பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே அந்தப் புரூஃப். "ரெண்டு பேரும் சேந்து நின்னு வாங்குங்க" என்றாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டை அழைக்கிற முறை அதுதான்.

கோவிந்தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "நானுமா?" என்றார்.

"நீங்க இல்லாமயா? வாங்க சித்தப்பா."

நின்றார்கள். வாங்கினார்கள். மாதப்பன் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது. "வேணாம் கண்ணு. இந்த வரிய எடுத்துரு. எங்களால உன் கண்ணாலத்துக்கு ஒரு சொல்லு வரக்கூடாது. நாங்க இங்க இருந்தே நெனச்சுக்கறோம்."

"அந்த வரி இல்லாட்டி பத்திரிகை இல்லீங்க" என்றான் செல்வராஜ். "உங்க ரெண்டு பேரு கால்லயும் விழாம நான் தாலி கட்டறதா இல்ல."

சொன்னவன் அங்கேயே, அந்த மீன் செதில் கிடந்த மண்ணிலேயே விழுந்துவிட்டான். வெள்ளை வேட்டி.

என் முறை வந்தது. "நான் ஒன்னு சொல்லணும்ங்க" என்று ஆரம்பித்தேன்.

கோவிந்தன் கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும் தங்கவேலு. அன்னைக்குச் சந்தையில எல்லாரும் பத்திரிகையப் பாத்துச் சிரிச்சாங்க. நான் படிக்கறப்ப என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னவன் நீ ஒருத்தன்தான். கோத்தவனுக்குத்தான் அந்தப் பயம் இருக்கும்."

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். இரண்டு பட்டுத் துண்டு, அடியில் ஒரு பாவாடை, மஞ்சள் பூப்போட்டது, பாதி தைத்தது. அதற்கும் அடியில் அந்தப் பத்திரிகை. மடிப்பில் கிழியாமல் துணி வைத்துத் தைத்திருந்தார்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் வெளியே கொடுப்போம். மஞ்சள் வைக்காத பத்திரிகைக்கு மதிப்பில்லை. நாங்கள் கேலிக்கு அடித்த தாளில் மஞ்சளா வைத்திருப்போம்? வைத்தது அவர்கள்.

மாதப்பன் சொன்னார். "வூட்ல பூட்டி வெச்சிருந்தாங்க. எங்கிட்ட இருந்தது அண்ணன் கையில இருந்து விழுந்த இந்தக் காயிதம் ஒன்னுதான். படிச்சுப் படிச்சுப் பாத்தேன். தை மாசம், வளர்பொறை தசமி, ஏழரைக்கு மேல ஒம்போதுக்குள்ள கும்ப லக்கினம். பஞ்சாங்கத்த எடுத்துப் பாத்தா அச்சு அசலா சரியா இருக்குது. கேலி பண்றவன் எதுக்கு முகூர்த்தம் பாக்கணும்? இத அடிச்சவங்கள்ள ஒருத்தனாவது நம்மள நல்லவிதமா நெனச்சிருக்கான்னு தோணுச்சு. அதுக்கு மொத நாளு ராத்திரின்னு பாத்து எங்கூட்ல எல்லாரும் பெரிய வூட்டுக் கண்ணாலத்துக்குப் போயிட்டாங்க. ஓட்டைப் பிரிச்சு எறங்கி, இவரு போறப்பவே சொல்லியிருந்த இந்த ஊருக்கு ராவெல்லாம் நடந்தேன்."

"எட்டு மணிக்கு இந்தத் துறையில மீன் கழுவிட்டிருந்தேன்" என்றார் கோவிந்தன். "முகூர்த்தம் தவறாம வந்து நின்னாரு."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "நான் நெனச்சுப் போடலீங்க. அது பெரிய வூட்டுப் பத்திரிகையோட வரி. அவசரத்துல மாத்த மறந்துட்டேன்."

மாதப்பன் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, அப்ப நீ எங்கள நெனக்கவே இல்லயா?"

"இல்லீங்க."

"பரவால்ல போ. யாரு வூட்டுதா இருந்தா என்னா, முகூர்த்தம் முகூர்த்தந்தானே."

எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சை அச்சுக் கோத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மீன் கடையில் நின்ற பிரமிப்பு எனக்கு வேறெங்கும் வந்ததில்லை.

கோவிந்தன் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்து, புரூஃப் தாளை அதன் பக்கத்தில் விரித்தார். இரண்டு மூலைக்கு அவர் வைத்தார், இரண்டு மூலைக்கு மாதப்பன் வைத்தார்.

பிரிக்காத வரி

முனுசாமி அச்சகத்தில் காத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். "மஞ்சளு யாரு வெச்சது?"

"ரெண்டு பேருந்தான்பா."

மஞ்சள்மேல் கை படாமல், மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். செல்வராஜின் பெரியப்பா வரவில்லை. சிலர் அந்த இருவரையும் பார்த்ததும் பந்தியில் உட்காராமல் போனார்கள். என் பழைய கூட்டாளி ஒருத்தன் பத்திரிகையைக் காட்டி, "என்னடா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்று கண்ணடித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

தம்பியைப் பார்த்ததும் முனுசாமி கும்பிட்டார். அண்ணன் தம்பியைக் கும்பிடக்கூடாது என்று மாதப்பன் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். தாலி கட்டியதும் பொண்ணு மாப்பிள்ளை இரண்டு சித்தப்பாக்களின் காலிலும் ஒன்றாக விழுந்தார்கள். அப்புறம்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. காவேரியின் பயிற்சிப் பள்ளித் தோழிகள் பதினோரு பேர், யாரும் சொல்லாமலே பின்னால் வரிசை கட்டி நின்று ஒவ்வொருத்தியாக விழுந்து எழுந்தார்கள். ஒருத்தி எழுந்த கையோடு, "டைலர் சித்தப்பா, இந்த ஜாக்கெட்டுல கை பிடிக்குது பாருங்க" என்று முழங்கையைக் காட்டினாள். அவரும் காதில் இருந்த சாக்கட்டியை எடுத்துவிட்டார்.

வரிசையில் பன்னிரண்டாவதாக நான் விழுந்தேன்.

மறுநாள் அந்தப் பத்திரிகையின் எழுத்துகளைப் பிரித்துப் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் அறைக்குப் போனது. கடைசியில் அந்த இருவரின் வரி மட்டும் மிஞ்சியது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. நூல் போட்டு இறுக்கிக் கட்டி என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் அந்த எழுத்து அளவில் எப்போது பத்திரிகை கோத்தாலும் சில எழுத்துகள் பற்றாமல் போகும். எழுத்துக்கு எழுத்து கணக்கு வைத்திருப்பவர் கரீம் பாய். ஏன் குறைகிறது என்று அவர் என்னை ஒரு நாளும் கேட்கவில்லை.